பிரிச்சு வச்சா பிழை தெரியும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



எனக்கு மேடையில பேசிப் பழக்கம் இல்லை. குழுக் கூட்டத்துல தீர்மானம் வாசிக்கிறதோட சரி. சனிக்கிழமை நம்ம கூட்டமைப்புக் கட்டடத்துல பிள்ளைகளுக்கு நடக்கிற கம்ப்யூட்டர் வகுப்பைப் பத்திப் பேசணும்னு தலைவி அக்கா சொன்னாங்க. "பத்தாவது படிச்ச நான் கம்ப்யூட்டரைப் பத்திப் பேசினா யாரு கேப்பாங்க அக்கா"ன்னு கேட்டேன். "அதுக்குத்தான் உன்னைப் பேசச் சொல்றேன்"னு சொல்லிட்டாங்க. அதனால எழுதி வச்சுப் படிக்கிறேன். தப்பு இருந்தா பொறுத்துக்கணும்.

முதல்ல இது எப்படி ஆரம்பிச்சதுன்னு சொல்லிடுறேன். போன வருஷம் என் பெரிய பொண்ணு பத்தாவது. அவளோட அறிவியல் புத்தகத்துல கடைசிப் பாடம், 23-ஆவது பாடம், காட்சித் தொடர்பு. அதுல ஸ்க்ராட்ச் என்கிற ஒரு மென்பொருளைப் பத்திப் போட்டிருக்காங்க. அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்கிற கல்வி நிறுவனத்துல பிள்ளைகளுக்காகவே உருவாக்கி, 2007-இல் வெளியிட்டது. காசு கிடையாது. அதுல எழுத்தெழுத்தா டைப் அடிக்க வேண்டியதில்லை. கலர் கலரா துண்டுகள் இருக்கும். ஒவ்வொரு துண்டும் ஒரு கட்டளை. "10 அடி நகரு", "இந்தப் பக்கம் திரும்பு", "தொட்டால் இதைச் செய்" இந்த மாதிரி. ஒன்னுக்குக் கீழ ஒன்னா கோர்த்துட்டா திரையில இருக்கிற படம் நாம சொன்ன மாதிரி ஆடும். இப்படிக் கோர்த்த கட்டளை வரிசைக்குத்தான் நிரல்னு பேர்.

பொண்ணு பரீட்சைக்காக மனப்பாடம் பண்ணிட்டு இருந்தா. "செஞ்சு பாக்காம எதுக்குடி மனப்பாடம் பண்றே"ன்னு கேட்டேன். எங்க நாத்தனார் பொண்ணு பிளஸ் டூ படிச்சப்போ அரசாங்கம் கொடுத்த லேப்டாப் பீரோவுல சேலைக்கு அடியில தூங்கிட்டு இருந்தது. அதை எடுத்துத் தூசி தட்டி, ஒரு தடவை நெட் போட்டு ஸ்க்ராட்ச்சை இறக்கி வச்சோம். அதுக்கப்புறம் நெட் தேவையில்லை. நம்ம ஊர்ல மழை பெஞ்சா சிக்னல் போறது உங்களுக்கே தெரியும். சிக்னல் இல்லாட்டியும் இது ஓடும்.

அவ கத்துக்கிட்டா, கூடவே நானும் கத்துக்கிட்டேன். அடுத்த வீட்டுப் பிள்ளைகள் வந்தாங்க, லைன் வீட்டுப் பிள்ளைகள் வந்தாங்க. எட்டுப் பேர் ஆனதும் வீட்ல இடம் பத்தலை. தலைவி அக்கா கூட்டமைப்புக் கட்டடத்தைச் சனிக்கிழமை மத்தியானம் திறந்து விட்டாங்க. அஞ்சரைக்கு முடிச்சிடுவோம். அதுக்கு மேல போனா காட்டெருமை ரோட்டுல வந்து நின்னுடும்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன்.

நாங்க செஞ்ச முதல் பெரிய விளையாட்டுக்குப் பேர் "கொழுந்துக் கூடை". பிள்ளைகள் வச்ச பேர். மேல இருந்து இலை விழும். கீழ ஒரு கூடை. அம்புக்குறி பட்டனை அமுக்கிக் கூடையை இடது வலதா நகர்த்தி இலையைப் பிடிக்கணும். ரெண்டு இலையும் ஒரு மொட்டுமா இருக்கிற கொழுந்தைப் பிடிச்சா 10 மதிப்பெண் கூடும். முத்தல் இலையைப் பிடிச்சா 5 குறையும். கொழுந்தைக் கீழ விட்டா ஒரு உயிர் போகும். முத்தல் இலையைக் கீழ விட்டா ஒன்னும் ஆகாது, விடத்தானே வேணும். மொத்தம் 3 உயிர், 60 வினாடி. முத்தல் இலையைச் சேர்த்து சாக்குல போட்டா பாக்டரியில என்ன சொல்வாங்கன்னு நம்ம பிள்ளைகளுக்குத் தெரியாதா? அதனால இந்த விதியை அவங்களே போட்டாங்க.

இதை எல்லாம் ஒரே நீளமான கட்டாக் கோர்த்தோம். நானும் அப்ப அப்படித்தான் தெரிஞ்சு வச்சிருந்தேன். இலையை மேல கொண்டு போய் வை, ஏதோ ஒரு இடத்துல இருந்து விழ விடு, கூடையைத் தொட்டுச்சான்னு பாரு, தொட்டா மதிப்பெண்ணை மாத்து, மறுபடி மேல கொண்டு போ, தரையைத் தொட்டுச்சான்னு பாரு, தொட்டா உயிரைக் குறை, மறுபடி மேல கொண்டு போ. திரையில பாத்தா ஒரு முழம் நீளத்துக்கு மேல போச்சு. மேலயும் கீழயும் உருட்டி உருட்டித்தான் படிக்கணும். ஆனா விளையாட்டு ஓடிச்சு. பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம்.

ஸ்க்ராட்ச் திரையோட அகலம் 480. நடுவுல பூஜ்யம், வலது ஓரம் 240, இடது ஓரம் மைனஸ் 240. இலை 220-க்கும் மைனஸ் 220-க்கும் நடுவுல எங்க இருந்து வேணும்னாலும் விழலாம்னு போட்டிருந்தோம். அப்புறம் ஒரு பையன் ரெண்டு பக்கமும் தேயிலைச் செடி படம் வரைஞ்சான், அழகா இருந்தது. செடி மேல கூடை ஏறக்கூடாதுன்னு கூடையை 120-லயே நிக்கிற மாதிரி வேலி போட்டோம். இப்ப பிரச்சினை வந்தது. இலை 200-ல விழுந்தா கூடை அங்க போய்ச் சேராது. அதனால இலையும் 120-க்குள்ளதான் விழணும்னு நான் உட்கார்ந்து மாத்தினேன். ரெண்டு தடவை விளையாடிப் பாத்தேன். சரியா இருந்தது. மூடி வச்சுட்டேன்.

அடுத்த வாரம் போட்டி வச்சோம். நம்ம வகுப்புல ஒரு பொண்ணு இருக்கா, ஏழாவது படிக்கிறா, அம்மா எஸ்டேட்ல கொழுந்து எடுக்கிறாங்க. பேர் வேண்டாம். ரொம்பக் கவனமான பிள்ளை. முத்தல் இலை வந்தா கூடையை ஒதுக்கி விட்டுடுவா. கொழுந்து வந்தா மட்டும் பிடிப்பா. இன்னொரு பையன், அவனுக்குக் கவனம் எல்லாம் கிடையாது. வர்றது எல்லாத்தையும் பிடிப்பான், கொழுந்தோ முத்தலோ.

அந்தப் பையன் ஒவ்வொரு தடவையும் முழு 60 வினாடி நின்னு எழுபது, எண்பதுன்னு எடுத்தான். இந்தப் பொண்ணு முப்பது, நாப்பதுலயே மூணு உயிரும் போய் அவுட். அஞ்சு தடவை விளையாடினா. அஞ்சு தடவையும் அப்படித்தான். "கொழுந்து ஓரமா விழுது அக்கா, எட்டலை"ன்னு சொன்னா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதெல்லாம் மாத்தியாச்சு, நீ கவனமா விளையாடு." இப்படிச் சொன்னேன்.

அவ பேசாம எழுந்து போய்ப் பின்னாடி உட்கார்ந்தா. "எனக்குத்தான் வரலை"ன்னு சொன்னா. அடுத்த சனிக்கிழமை வரலை. அதுக்கு அடுத்த வாரமும் வரலை.

இங்கதான் நான் இன்னிக்குச் சொல்ல வந்த விஷயம் இருக்கு. அந்த நேரத்துல என் பொண்ணு அவ சித்தப்பா பையனோட பிளஸ் டூ கணினி அறிவியல் புத்தகத்தைக் கொண்டு வந்தா. அதுல முதல் பாடமே செயற்கூறுதான். இங்கிலீஷ்ல பங்ஷன்னு சொல்றாங்க. படிச்சதும் முழுசாப் புரியலை. ரெண்டு மூணு தடவை படிச்சேன். அப்புறம் எனக்கு நானே இப்படிச் சொல்லிக்கிட்டேன்.

வீட்ல மாமியார் "மசாலா அரைச்சு வை"ன்னு சொல்றாங்க. ரெண்டே வார்த்தை. ஆனா அதுக்குள்ள எத்தனை வேலை இருக்கு? மல்லி வறுக்கணும், மிளகாய் வறுக்கணும், தேங்காய் துருவணும், தண்ணி அளவா விட்டு அரைக்கணும். இதை ஒரு தடவைதான் நமக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. அப்புறம் குழம்புக்கும் அதே பேர்தான், குருமாவுக்கும் அதே பேர்தான். பேரைச் சொன்னா வேலை நடக்கும். இதுதான் செயற்கூறு. சில வேலைகளைச் சேர்த்து ஒரு கட்டாக் கட்டி, அதுக்கு ஒரு பேர் வச்சு, ஒரு இடத்துல எழுதி வச்சுக்கிறது. வேணும்கிற இடத்துல எல்லாம் பேரை மட்டும் சொல்றது.

ஸ்க்ராட்ச்சிலயும் இதுக்கு வழி இருக்கு. துண்டுகள் வரிசையில கடைசியில, "என் துண்டுகள்"னு அர்த்தம் வர்ற மாதிரி ஒரு பகுதி இருக்கும். அதுல புதுத் துண்டு ஒன்னு செஞ்சு அதுக்குப் பேர் வைக்கலாம். பேரைத் தமிழ்லயே வைக்கலாம். பேர் வச்ச உடனே ஒரு தொப்பி மாதிரித் துண்டு வரும். அதுக்குக் கீழதான் அந்த வேலை என்னென்னன்னு கோர்க்கணும்.

சரி, நம்ம விளையாட்டுல எதைப் பிரிக்கலாம்னு பாத்தேன். இலையை மேல கொண்டு போய் ஏதோ ஒரு இடத்துல இருந்து விழ விடுற வேலை மூணு இடத்துல இருந்தது. ஆட்டம் ஆரம்பிக்கும்போது ஒரு தடவை, கூடையில பிடிச்சதும் ஒரு தடவை, தரையில விழுந்ததும் ஒரு தடவை. மூணும் ஒரே வேலை. அப்ப இதுக்கு "இலையை மேல அனுப்பு"ன்னு பேர் வச்சு ஒரே கட்டாக்கிடலாம். மூணு இடத்துல இருந்ததையும் பிரிச்செடுத்துப் பக்கத்துல பக்கத்துல வச்சேன்.

வச்ச உடனே கண்ணுல பட்டுடுச்சு. முதல் ரெண்டுல 120. மூணாவதுல 220. ரெண்டு இடத்துல மாத்தின நான் மூணாவது இடத்தை மறந்திருக்கேன்.

இதோட விளைவு என்னன்னு யோசிச்சுப் பாருங்க. ஒரு இலை தரையில விழுந்தா, அடுத்த இலை மட்டும் பழைய கணக்குப்படி ஓரத்துல விழலாம். அப்படி விழுறதுல நிறைய எட்டாத இடத்துல போயிடும். எல்லாத்தையும் வாரிப் பிடிச்ச பையனுக்கு இலை தரையிலயே விழலை. அவனுக்கு இந்தத் தப்பு வரவே இல்லை. முத்தல் இலையைச் சரியா ஒதுக்கி விட்ட அந்தப் பொண்ணுக்குத்தான், இலை தரையில விழ விழ, அடுத்த கொழுந்து எட்டாத இடத்துல வந்திருக்கு. சரியா விளையாடினவளுக்குத்தான் தண்டனை. நான் ரெண்டு தடவை விளையாடிப் பாத்தப்போ தப்பு தெரியாததுக்கும் காரணம் அதுதான். நானும் வந்ததை எல்லாம் பிடிச்சேன்.

அன்னிக்குச் சாயங்காலமே அவங்க லைனுக்குப் போனேன். அவங்க அம்மா டீ போட்டுக் கொடுத்துட்டு, "அவளுக்கு அதெல்லாம் மண்டையில ஏறாதும்மா, விட்டுடுங்க. நமக்கு எதுக்குக் கம்ப்யூட்டர்"னு சொன்னாங்க. "இல்லைக்கா, அவ அன்னிக்கே சரியாச் சொன்னா. தப்பு அவ கையில இல்லை. நான் எழுதினதுல இருந்தது"ன்னு சொன்னேன். பொண்ணு கதவு ஓரமா நின்னு கேட்டுட்டு இருந்தா. "220-ஆ இருந்துச்சா அக்கா?"ன்னு கேட்டா. ஆமான்னு சொன்னேன். அடுத்த வாரம் வந்துட்டா.

அவ வந்த அன்னிக்கு எல்லாரும் சேர்ந்து விளையாட்டைப் பிரிச்சோம். லேப்டாப்பைத் தொடலை. சார்ட் பேப்பர்ல எழுதினோம். "இந்த விளையாட்டுல என்னென்ன வேலை நடக்குது, சின்னச் சின்ன வாக்கியமாச் சொல்லுங்க"ன்னு கேட்டேன். பிள்ளைகள் சொன்னது இது:

ஆட்டத்தைத் தயார் பண்ணு.
இலையை மேல அனுப்பு.
இலையைக் கொஞ்சம் இறக்கு.
கூடையில விழுந்துச்சான்னு பாரு.
தரையில விழுந்துச்சான்னு பாரு.
மதிப்பெண்ணை மாத்து.
ஆட்டம் முடிஞ்சுதான்னு பாரு.

ஏழு வேலை, ஏழு பேர். இந்த ஏழும்தான் ஏழு செயற்கூறு. அதுக்கப்புறம் இலைக்கான முக்கிய நிரல் எப்படி ஆச்சு தெரியுமா? பச்சைக் கொடியை அமுக்கினா "ஆட்டத்தைத் தயார் பண்ணு", "இலையை மேல அனுப்பு". அப்புறம் மறுபடி மறுபடி நாலே வேலை: இறக்கு, கூடையைப் பாரு, தரையைப் பாரு, முடிஞ்சுதான்னு பாரு. அவ்வளவுதான். ஒரு முழம் நீளம் இருந்தது ஒரு கை அகலத்துக்குள்ள வந்துடுச்சு. கம்ப்யூட்டர் தெரியாத தலைவி அக்கா வந்து படிச்சுட்டு, "இது நம்ம கூட்ட நடவடிக்கை மாதிரியே இருக்கே"ன்னு சொன்னாங்க. படிச்சா புரியணும், அதுதான் வேணும்.

"மதிப்பெண்ணை மாத்து" என்கிறதுல ஒரு சின்ன விஷயம் இருக்கு. கொழுந்துக்கு 10 கூட்டணும், முத்தலுக்கு 5 குறைக்கணும். இதுக்கு ரெண்டு தனித்தனிக் கட்டு வேண்டாம். கடைக்கு அனுப்புற பிள்ளைகிட்ட "சர்க்கரை வாங்கிட்டு வா"ன்னு சொல்லிட்டு எவ்வளவுன்னும் சொல்றோம் இல்லையா? அதே மாதிரி பேருக்குப் பக்கத்துல ஒரு காலி இடம் விடலாம். அதுல 10 போட்டா 10 கூடும், மைனஸ் 5 போட்டா 5 குறையும். வேலை ஒன்னு, அளவு மட்டும் வேற.

பிரிச்சதால இன்னொரு பெரிய வசதி கிடைச்சது. ஸ்க்ராட்ச்சில ஒரு துண்டை மட்டும் தனியாத் தொட்டா அந்த வேலை மட்டும் நடக்கும். "இலையை மேல அனுப்பு" துண்டை அந்தப் பொண்ணு தனியாப் பத்து தடவை தொட்டுப் பாத்தா. பத்து தடவையும் இலை வேலிக்குள்ளயே வந்து நின்னுச்சு. "இப்ப சரியா இருக்கு அக்கா"ன்னு அவளே சொன்னா. முழு விளையாட்டையும் விளையாடித் தப்பைத் தேட வேண்டியதில்லை. ஒவ்வொரு பாகமாத் தட்டிப் பாத்து வாங்கலாம், சந்தையில தேங்காய் வாங்குற மாதிரி.

வேலையைப் பங்கு போடவும் முடிஞ்சது. ரெண்டு லேப்டாப்புக்கு எட்டுப் பேர். முன்னாடி ஒருத்தர் கோர்ப்பாங்க, மத்தவங்க வேடிக்கை பாப்பாங்க. இப்ப ரெண்டு ரெண்டு பேரா ஒரு பாகத்தைப் பேப்பர்ல எழுதிக் கொண்டு வர்றாங்க, முறை போட்டுக் கோர்க்கிறாங்க.

சொல்லிக் கொடுக்க நினைக்கிற சகோதரிகளுக்காக, நான் தப்புப் பண்ணிக் கத்துக்கிட்டதைச் சொல்றேன். மத்தக் குழுக்கள்லயும் இதை ஆரம்பிக்கணும்னு கேட்டிருக்கீங்க.

முதல் நாளே செயற்கூறுன்னு ஆரம்பிக்காதீங்க. நான் அடுத்த பேட்ச் பிள்ளைகளுக்கு அப்படி ஆரம்பிச்சேன். கொட்டாவி விட்டாங்க. எதுக்குப் பிரிக்கணும்னு அவங்களுக்குத் தெரியலை. முதல்ல நீளமாவே கோர்க்க விடுங்க. விளையாட்டு ஓடட்டும். அப்புறம் ஒரு மாற்றம் கேளுங்க. "இலை இன்னும் உயரத்துல இருந்து விழட்டும்"னு சொல்லுங்க. மூணு இடத்துல தேடி மாத்துறப்போ அவங்களுக்கே சலிப்பு வரும். "ஒரே இடத்துல மாத்துற மாதிரி இருந்தா எப்படி இருக்கும்?"னு அப்ப கேளுங்க. பசி வந்தப்புறம் சோறு போடணும்.

ரெண்டாவது, பேர். பிள்ளைகள் அவசரத்துல "அ", "ஆ"ன்னும், தன் பேரும்கூட வச்சுடுவாங்க. ஒரு வாரம் கழிச்சுப் பாத்தா எது என்னன்னு அவங்களுக்கே தெரியாது. "செய்" என்கிற மாதிரி வேலையைச் சொல்ற பேரா வைக்கச் சொல்லுங்க. அனுப்பு, இறக்கு, பாரு, மாத்து.

மூணாவது, ஒரு பேருக்கு ஒரு வேலை. பேர் சொல்லும்போது நடுவுல "அப்புறம்"னு வந்தா அது ரெண்டு வேலை. "கூடையைப் பாத்து, அப்புறம் பாட்டுப் போட்டு, அப்புறம் படத்தை மாத்து"ன்னு ஒரு பையன் வச்சான். பிரிக்கச் சொன்னேன்.

நாலாவது, அளவுக்கு மீறியும் பிரிக்க வேண்டாம். பிரிக்கிறது நல்லதுன்னு சொன்ன உடனே ஒரு பொண்ணு ஒரே ஒரு துண்டுக்கு எல்லாம் தனிப் பேர் வச்சுட்டா. அதைப் படிக்கவே முடியலை. ஒரே வேலை ரெண்டு மூணு இடத்துல வருதா, இல்ல பேர் வச்சா படிக்கச் சுலபமா இருக்கா, அப்ப மட்டும் பிரிச்சாப் போதும்.

அஞ்சாவது, ஸ்க்ராட்ச்சில இலைக்குச் செஞ்ச துண்டு கூடைக்கு வராது. ஒவ்வொரு படத்துக்கும் அதோட துண்டு தனி, நம்ம ஒவ்வொரு குழுவுக்கும் தீர்மான நோட்டு தனியா இருக்கிற மாதிரி. பிள்ளைகள் காணோம்னு தேடுவாங்க. முன்னாடியே சொல்லிடுங்க.

கடைசியா ஒன்னு. மாத்தும்போது ஏற்கனவே ஓடுற விளையாட்டை வேற பேர்ல ஒரு நகல் சேமிச்சு வச்சுட்டு மாத்துங்க. கரண்ட் எப்பப் போகும்னு நமக்குத் தெரியாது.

நான் ஏதோ மறந்து தப்புப் பண்ணிட்டேன்னு கொஞ்ச நாள் வெட்கமா இருந்தது. அப்புறம் ஒரு விஷயம் படிச்சேன். அமெரிக்காவில் கிரேஸ் ஹாப்பர்னு ஒரு அம்மா. ரெண்டாம் உலகப்போர் சமயத்துல ஹார்வர்டு பல்கலைக்கழகத்துல, ஒரு அறை முழுக்க நிக்கிற மார்க் ஒன் என்கிற பழைய கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதினவங்க. அந்தக் காலத்துல அடிக்கடி தேவைப்படுற நிரல் துண்டுகளை நோட்டுல எழுதி வச்சிருப்பாங்க. தேவைப்படும்போது ஒருத்தர் நோட்டுல இருந்து இன்னொருத்தர் கையால பாத்து எழுதுவாங்க. எழுதும்போது எண் மாறிடும், வரி விட்டுப் போயிடும். அவ்வளவு படிச்சவங்களுக்கே அப்படித்தான். மனுஷங்க பாத்து எழுதினா தப்பு வரும், அந்த வேலையைக் கம்ப்யூட்டரே செய்யட்டும்னு அந்த அம்மா நினைச்சாங்க. பேரைச் சொன்னா கம்ப்யூட்டரே அந்தத் துண்டை எடுத்துக் கோர்த்துக்கிற மாதிரி ஒரு ஏற்பாட்டை 1952 வாக்கில் செஞ்சாங்க. அதைப் படிச்சப்புறம் என் வெட்கம் போச்சு. என் 220-உம் அதே ஜாதித் தப்புதான். அதைச் சரி பண்ண வழி கண்டுபிடிச்சவங்கள்ல ஒரு பொம்பளையும் இருந்திருக்காங்க.

இங்கிலீஷ் தெரியாம இதெல்லாம் முடியுமான்னு சிலர் கேக்கறீங்க. தமிழ்லயே நிரல் எழுதறதுக்கு எழில்னு ஒரு மொழி இருக்கு. முத்தையா அண்ணாமலை என்பவர் தமிழ்ப் பிள்ளைகளுக்காக உருவாக்கினது. அதுல செயற்கூறுக்கு "நிரல்பாகம்"னு எழுதி ஆரம்பிக்கணும், கடைசியில "முடி"ன்னு எழுதி முடிக்கணும். நடுவுல "ஆனால்", "இல்லை" எல்லாம் நம்ம வார்த்தைதான். நிரல்பாகம் என்கிற வார்த்தை எனக்கு ரொம்பப் பிடிச்சது. நிரலோட ஒரு பாகம். பேரைக் கேட்டதுமே புரியுது. பெரிய பிள்ளைகளுக்கு அடுத்த வருஷம் இதைக் காட்டலாம்னு இருக்கேன்.

சகோதரிகளே, இதை நம்ம குழுவுக்கும் கொஞ்சம் பொருத்திப் பாக்கலாம். சில குழுக்கள்ல சேமிப்பு, உள்கடன், வட்டி, பேங்க் வேலை எல்லாம் ஊக்குநர் ஒருத்தர் தலையில இருக்கு. அவங்களுக்கு உடம்பு சரியில்லைன்னா அந்த மாசம் எல்லாம் நிக்குது. கணக்குல பத்து ரூபா இடிச்சா எங்க இடிக்குதுன்னு தெரியாம ஒருத்தரை ஒருத்தர் சந்தேகப்படுறோம். வேலையைப் பிரிச்சு, இன்ன வேலை இன்னார்னு பேர் போட்டு வச்சா, எந்த இடத்துல தவறினதுன்னு பாத்து அந்த இடத்தை மட்டும் சரி பண்ணலாம். ஆளைக் குறை சொல்ல வேண்டிய அவசியமே வராது.

நமக்கு ஒரு பழக்கம் இருக்கு. ஒன்னு வரலைன்னா உடனே "எனக்கு மண்டையில ஏறாது", "நான் அவ்வளவு படிக்கலை"ன்னு சொல்லிடுவோம். நானும் இருபது வருஷமா அப்படித்தான் சொல்லிட்டு இருந்தேன். நம்ம பொண்ணுங்களுக்கும் அதையே சொல்லிக் கொடுத்திருக்கோம். அந்த ஏழாவது படிக்கிற பிள்ளை, எட்டலைன்னு சரியாச் சொல்லிட்டு, அப்புறம் தனக்குத்தான் வரலைன்னு முடிவு பண்ணிட்டா. நானும் அவளை நம்பலை. இனிமே ஒரு பிள்ளை "வரலை"ன்னு சொன்னா, முதல்ல நாம சொல்லிக் கொடுத்ததை எடுத்துப் பிரிச்சுப் பாக்கணும்னு நான் முடிவு பண்ணியிருக்கேன்.

கூட்டமைப்புக்கு ரெண்டு வேண்டுகோள் வைக்கிறேன். ஒன்னு, சனிக்கிழமை கட்டடத்தைத் தொடர்ந்து திறந்து விடணும். வீட்ல சும்மா இருக்கிற அரசாங்க லேப்டாப் யார்கிட்டயாவது இருந்தா வகுப்புக்குக் கொடுத்து உதவணும். பேட்டரி போயிருந்தாலும் பரவாயில்லை, கரண்ட்ல போட்டு ஓட்டிக்கலாம். ரெண்டு, பிள்ளைகளை அனுப்புறதோட நீங்களும் ஒரு நாள் வந்து உட்காரணும். கொழுந்து எடுத்துட்டு வந்த களைப்பு இருக்கும், தெரியும். அரை மணி நேரம் போதும்.

அந்தப் பொண்ணு இப்ப என்ன பண்றான்னு நீங்க கேப்பீங்க. திருத்தின விளையாட்டுல போன மாசம் 130 எடுத்தா. எல்லாத்தையும் வாரிப் பிடிக்கிற பையன் இன்னும் எழுபது, எண்பதுலதான் நிக்கிறான். இப்ப அவ "பூச்சி விழுந்தா கூடையைக் கவிழ்"னு எட்டாவதா ஒரு பாகம் எழுதிட்டு இருக்கா. முதல்ல பேப்பர்ல எழுதி, அவங்க அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டியிருக்கா. அவங்க அம்மா கேட்டுட்டு, "பூச்சி விழுந்தா கூடையை எதுக்குக் கவிழ்க்கணும், பூச்சியை மட்டும் எடுத்துப் போடேன்"னு சொன்னாங்களாம். அம்மா சொன்னதுதான் சரின்னு இப்ப மாத்திட்டு இருக்கா.